இசக்கிதுரை கையை நிறுத்தப் பழகியது

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் இசக்கிதுரையின் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். அங்கே தெர்மாகோல் வெட்டுகிறார்கள். கத்தியால் அல்ல. வில்லைப் போன்ற ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, கரண்ட் கொடுத்துச் சூடாக்கி, ஒரு முனையை இசக்கிதுரையும் மறுமுனையை அவர் மனைவி கோமதியம்மாளும் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். கம்பி சத்தமில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் வரும்.

இந்தத் தொழிலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கை நிற்கக் கூடாது. ஒரு கண் இமைக்கும் நேரம் நின்றால் போதும், நின்ற இடத்தில் கம்பி உருக்கிப் பள்ளம் பறித்துவிடும், துண்டு குப்பைக்குத்தான். அதுவும் இரண்டு முனைகளும் ஒன்றாக நகர வேண்டும். அதற்காகத் துண்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய அட்டைகளில் எண் போட்டிருப்பார்கள். கோமதியம்மாள் எண்ணைச் சொல்வார், சொன்ன எண்ணுக்கு இசக்கிதுரையின் கை வந்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த அம்மாள் சொல்கிறார், இவர் கை போகிறது. வீட்டில் வேறெந்தக் காரியத்திலும் மனுஷன் இவ்வளவு ஒழுங்காகப் பேச்சைக் கேட்டதில்லை என்பது கோமதியம்மாளின் குறை.

பிள்ளையார் அலங்காரத்துக்குத் தெர்மாகோல் கூடாது என்று சர்க்கார் சொன்ன பிறகு தொழில் பாதியாகப் படுத்துவிட்டது. மெஷின் பாகங்களுக்குப் பேக்கிங் வெட்டிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் செம்பூரிலிருந்து தனசீலன் வந்தார். இசக்கிதுரையைவிடப் பதினைந்து வயது இளையவர், ஒரு ரசாயன ஆலையில் இன்ஜினியர், குடும்பத்துக்குப் பூர்வீகம் நாசரேத் பக்கம். ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானத்துக்கு இறக்கை வெட்டித் தர வேண்டும் என்று இறக்கையின் வடிவத்தில் நறுக்கிய அட்டையை நீட்டினார். இசக்கிதுரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் மேல் எது, கீழ் எது என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான், இது தலைகீழாகவும் பறக்க வேண்டிய விமானம் என்றார் தனசீலன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வெட்டிக் கொடுத்தார்கள். மும்பை முழுக்க அலைந்தும் இவ்வளவு சுத்தமான இறக்கை கிடைத்ததில்லை என்று தனசீலன் சொன்னது வெறும் உபசாரமில்லை.

அதைப் பறக்க வைப்பதைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். அம்பர்நாத்தைத் தாண்டி, குன்றுகளுக்கு முன்னால், அனுமதி வாங்கிய ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்காரர்கள் அங்கே கூடுவார்கள். இசக்கிதுரை கடமைக்காகத்தான் போனார். தான் வெட்டிய இறக்கை செங்குத்தாக மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் சாய்ந்து திரும்பி, ஏறிய அதே கோட்டில் கீழே இறங்கியதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தார். மனுஷன் அன்றைக்கே அந்தப் பித்தில் விழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் பட்ட பாட்டை ஒரு விமானமும் பட்டிருக்காது. தனசீலன் தன் பழைய ரிமோட்டைக் கொடுத்தார். விமானத்தை இசக்கிதுரையே கட்டினார், இசக்கிதுரையே தரையில் குத்தினார், மறுபடி கட்டினார். சயானில் ரயிலேறும்போது சாமான் பெட்டியில் வருகிறவர்கள் இறக்கையைப் பார்த்து இது என்ன கல்யாண அலங்காரமா என்று கேட்பார்கள். பறக்கத் தெரிந்துகொள்ளவே ஒரு மழைக்காலம் போனது. அதற்குப் பிறகுதான் உண்மையான படிப்பு ஆரம்பித்தது.

கிளப்காரர்கள் டிசம்பரில் ஒரு போட்டி நடத்துவார்கள். அந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை, சாகசம் காட்டிக் கைதட்டு வாங்குவதற்கும் இடமில்லை. வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்குள் பத்து வித்தைகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். வட்டம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும், கோழி முட்டையாக இருந்தால் மதிப்பெண் போகும். ஒரு வித்தை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நேர்கோடு தெரிய வேண்டும். நடுவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வருவார்கள். வரிசை தப்பினால் அந்த வித்தைக்குப் பூஜ்யம். ஓட்டுகிறவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாதென்பதால், அவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் காகிதத்தைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பத்திலும் இசக்கிதுரையைக் கொன்றது ஒன்றுதான். நேராகப் போய்க்கொண்டே விமானம் கால் புரளல் புரண்டு நிற்க வேண்டும், இன்னொரு கால், நிற்க வேண்டும், இப்படி நாலு தடவை. புரள்வது அவருக்குப் பிரச்சினையில்லை. நிற்பதுதான் வரவில்லை. கட்டைவிரல்கள் ரிமோட்டின் குச்சிகளின் மேல் இடைவிடாமல் எதையாவது செய்துகொண்டே இருந்தன. நேர்கோட்டிலும் அதே கதை. இல்லாத பிழையைத் திருத்தி, திருத்தியதால் வந்த பிழையைத் திருத்தி, விமானம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரைப் போலப் போனது.

தனசீலன் ஒருநாள் பொறுமை இழந்து சொன்னார். "அண்ணாச்சி, ப்ளேன் நேராத்தான் போகுது. நீங்கதான் அத நேரா போக விடமாட்டேங்கிய."

இசக்கிதுரைக்குக் காரணம் தெரியும். இருபத்தாறு வருஷம் நிற்காதே நிற்காதே என்று பழக்கிய கையை இப்போது நில் என்றால் அது நம்பவில்லை. நின்றால் பள்ளம் விழும் என்று அது பயந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சிரிப்பதற்குக் கிளப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. விமானம் உடைந்தால் இசக்கி பாய், இசக்கி பாய் என்று அண்ணன் முறை வைத்துத் தேடி வருவார்கள். ஒட்டிக் கொடுத்து முடித்ததும் அவர் தெர்மாகோல்வாலா ஆகிவிடுவார். மைதானத்துக் கொட்டகைக் கதவில் பைலட்டுகள் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் பெயர் இருப்பவர்கள் தாங்களே பறக்க வைக்கலாம். இல்லாதவர்கள், போட்டிச் சுற்று தவிர மற்ற நேரமெல்லாம், பெயர் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் ரிமோட்டைத் தொடலாம். இசக்கிதுரைக்குத் தனசீலன் நின்றார். அந்த வருஷம் தனசீலனுக்கு வருகிற ஜனவரியில் குஜராத்துக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தது. தன் பறக்கும் நேரத்தை விட்டுவிட்டுத் தெர்மாகோல்வாலாவுக்குத் துணை நிற்க வேறு யாருக்கும் மனசில்லை. டிசம்பர் போட்டியில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் பெயர் பட்டியலில் ஏறும். இல்லையென்றால் ரிப்பேர் மேசையோடு சரி, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மற்றவர்களின் இறக்கையை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது அவரால் ஆகாது. இதை அவர் கோமதியம்மாளிடம் மட்டும் சொன்னார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிட்டார்கள். கல்யாணில் இறங்கி, மாறி, நெரிசலில் ஏற வேண்டியிருந்ததால் சாமானைப் பிடித்துக்கொள்ளக் கோமதியம்மாளும் கூட வந்தார். வந்தவர் கொட்டகை நிழலில் உட்காராமல் நேராகப் புருஷன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தனசீலன் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வித்தையாகச் சொல்ல, இசக்கிதுரையின் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தார் அந்த அம்மாள்.

"ஏங்க, கைய வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மாதான் இருங்களேன்."

கை நின்றது. விமானம் அந்த மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அசையாமல் போனது. தனசீலன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. சட்டென்று காகிதத்தை எடுத்துக் கோமதியம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டார்.

காகிதத்தில் இருந்த ஆங்கிலம் கோமதியம்மாளுக்குத் தெரியாது. படங்கள் போதுமாக இருந்தன. பெயரெல்லாம் அவரே வைத்துக்கொண்டார். வட்டம் என்றால் வடை. மேலே போய்ச் சாய்ந்து திரும்பினால் கொண்டை ஊசி. மேலே போய் வளைந்து இறங்கினால் குடைக்கம்பி. தலைகீழாகப் போனால் மல்லாக்க. மெதுவாக ஒரு முழுப் புரளல் புரண்டால் பாய்ச்சுருட்டு. அந்தப் பொல்லாத நாலு புரளல், நாலு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் "நில்லுங்க" என்று சேர்த்துக்கொண்டார். பட்டறையில் அந்தச் சொல்லை அவர் சொன்னதே கிடையாது.

வாரம் முழுக்க வேலை முடிந்ததும் ஒத்திகை. ஒரு குச்சியின் நுனியில் உள்ளங்கை அளவு தெர்மாகோல் விமானத்தைக் குத்தி, இசக்கிதுரை அதைக் காற்றில் ஓட்ட, கோமதியம்மாள் வடை, கொண்டை ஊசி, மல்லாக்க என்று சொல்லிக்கொண்டிருப்பார். சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துத் தையல்கடைக்காரர் முகைதீன், அண்ணாச்சிக்குக் கோட்டி பிடித்துவிட்டதா என்று கவலையாகவே விசாரித்தார். நவம்பர் முடிவதற்குள் நாலு தட்டு படிந்துவிட்டது. கை தானாக நிற்கவில்லை, அவர் குரலுக்கு நின்றது. அதில் என்ன வித்தியாசம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

போட்டி நாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சுற்று, எது நன்றாக வந்ததோ அது கணக்கு. காலை முதல் சுற்றில் காற்று இல்லை. ஓட்டுகிறவர் நிற்கத் தரையில் போட்டிருந்த வட்டத்துக்குள் இசக்கிதுரை போய் நின்றார், முதுகுக்குப் பின்னால் கோமதியம்மாள். வடை வட்டமாக வந்தது. மூன்றாவது, பாய்ச்சுருட்டு, கொஞ்சம் தொய்ந்தாலும் வந்தது. ஆறாவதாகக் கொண்டை ஊசி. விமானம் ஏறிப் போய் உச்சியில் நின்று, வெயிலில் இறக்கையை ஒருதரம் பளிச்சென்று காட்டி, சாய்ந்து, இறங்கியது. அப்படி ஒரு கொண்டை ஊசியை அவர் அதுவரை போட்டதில்லை.

அடுத்தது நாலு தட்டு. கோமதியம்மாள் "பாய்ச்சுருட்டு" என்றார்.

தப்பு என்று இசக்கிதுரைக்குத் தெரியும். பாயை மூன்றாவதாகவே சுருட்டியாகிவிட்டது. வரிசை அவருக்கு மனப்பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் மனசு தப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் கை புறப்பட்டுவிட்டது. விமானம் மெல்ல, ஒரே சீராக, ஒரு சொட்டு உயரமும் இழக்காமல் ஒரு முழுப் புரளல் புரண்டது. அந்த நாளின் மிகச் சிறந்த பாய்ச்சுருட்டு அதுதான். அதற்குப் பூஜ்யம் விழுந்தது.

மதிப்பெண் தாள் வந்தது. மொத்தம் ஐம்பத்தெட்டு. ஏழாவது கட்டத்தில் இருந்த பூஜ்யத்தைக் கோமதியம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தார். எண் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான் தப்பா சொல்லிட்டனா?"

"ஆமா."

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பொறவு ஏன் செஞ்சிய?"

"நீ சொன்ன. கை போயிட்டு."

கோமதியம்மாள் தாளை மடித்தார். பிறகு, அந்தக் கொண்டை ஊசியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், காகிதம் மறந்துபோச்சு என்றார். இரண்டு மாதமாகத் தாளையும் புருஷன் கையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்தடவையாக வானத்தைப் பார்த்திருக்கிறார். அவர் மேல் கோபப்பட யாருக்கும் மனம் வராது. இசக்கிதுரைக்கும் வரவில்லை. ஆனால் இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி.

மத்தியானச் சுற்றுக்குக் கூப்பிட்டபோது கோமதியம்மாள் எழுந்திருக்கவில்லை. நான் வரவில்லை, நீங்களே போங்கள் என்றார். இசக்கிதுரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, நீ வா என்றுகூடக் கெஞ்சினார். தனசீலன் தான் வந்து நிற்கிறேன் என்றார். அந்தக் குரலுக்கு இந்தக் கை நிற்காது என்று அவருக்கே தெரியும். அந்த அம்மாள் அசையவில்லை.

"ஒங்க பேருதான் பட்டியல்ல ஏறணும். நான் வாயத் தொறந்தா கை எம்பேச்சத்தான் கேக்கும். போங்க."

இசக்கிதுரை தனியாகப் போய் நின்றார். குன்றுப் பக்கமிருந்து காற்று எடுத்திருந்தது. விமானம் மேலே போனதும் கட்டைவிரல்கள் பழைய புத்தியைக் காட்டத் தொடங்கின. முதல் வடை முட்டையாகத்தான் போனது. இரண்டாவதில் கோடு நெளிந்தது. முதுகுக்குப் பின்னால் யாருமில்லை என்பது சட்டைக்குள் குளிராகத் தெரிந்தது. அவருக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஐம்பத்திரண்டு வயதில், உடைந்ததை ஒட்டுகிறவன் என்ற பெயரோடு திரும்பிப் போக வேண்டுமே என்ற பயம்.

மூன்றாவதுக்கு முந்திய நேர்கோட்டில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். ஒன்றும் செய்யாமல் இருந்தார். காற்று விமானத்தை லேசாகத் தள்ளியது. விரல் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டார், குச்சியை மட்டும் நகர்த்தவில்லை. தள்ளிய காற்றே ஓய, விமானம் தன் பாட்டுக்குக் கோட்டில் நின்றது. பள்ளம் எதுவும் விழவில்லை. இதை அவர் புத்தி இரண்டு வருஷமாகக் கேட்டிருந்தது, கை அன்றைக்குத்தான் கேட்டது.

ஏழாவது வந்தது. ஒரு தட்டு. விமானம் கத்தியைப்போலப் பக்கவாட்டில் நின்றது, அவர் மூச்சை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டு, மல்லாந்தது, நின்றது. மூன்றாவது, நின்றது. நாலாவது தட்டில் காற்று ஒரு பக்கத்தைத் தூக்கப் பார்த்தது, கொஞ்சம் கொடுத்து வாங்கினார், நேரானது. யாரும் நில்லுங்க என்று சொல்லவில்லை. மிச்சமிருந்த மூன்றையும் முடித்து இறக்கியபோது சக்கரம் தரையில் இரண்டு தடவை குதித்தது, அதற்கு மதிப்பெண் இல்லை.

அறுபத்தொன்று. கிளப் செயலாளர் சாய்நாத் கதவருகே போய்ப் பட்டியலின் கடைசியில் பேனாவால் பெயரை எழுதினார். நாலைந்து பேர் வந்து கைகொடுத்தார்கள். இசக்கி பாய் என்றுதான் சொன்னார்கள், கையில் உடைந்த இறக்கை எதையும் வைத்துக்கொள்ளாமலே சொன்னார்கள். தனசீலன் கட்டிப்பிடித்துக்கொண்டார். இசக்கிதுரைக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை வெயில் மேல் பழி போடவில்லை.

கொட்டகையின் பின்பக்கம் கோமதியம்மாள் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலு தட்டு நான் சொல்லாமலே வந்துட்டு, என்ன?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வந்துட்டு."

சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாக இருந்தது. அந்த முகத்தில் சந்தோஷமும் இருந்தது, அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. அடுத்த ஞாயிறும் வா, நீ நிற்காமல் எனக்கு ஓடாது என்று ஆறுதலாகச் சொன்னார். வந்து சும்மா நிற்பதற்கு சயானிலிருந்து அம்பர்நாத்துக்கு எதற்கு வர வேண்டும் என்று கேட்டார் கோமதியம்மாள். நியாயமான கேள்வி. இசக்கிதுரை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"பட்டியல்ல இருக்கவுக பக்கத்துல நின்னா வேற ஆளு ஓட்டலாம்னுதான சட்டம்?"

"ஆமா."

"அப்ப நீங்க நின்னு சொல்லுங்க. நான் ஓட்டுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். இல்லை. காலையில் அந்தக் கொண்டை ஊசியைப் பார்த்துக் காகிதத்தை மறந்தபோது இருந்திருக்கக்கூடிய அதே பார்வை. பத்து வித்தைகளுக்கும் பெயர் வைத்த பெண்பிள்ளை, இரண்டு மாதமாக முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார். ஓட்டிப் பார்க்கிறாயா என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லையே என்று இசக்கிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுப்பானேன் என்று அவர் எழுந்தார். பாட்டரி ஒன்று பாக்கி இருந்தது. மற்றவர்கள் சாமானைக் கட்டிக்கொண்டிருக்க, விமானத்தைத் தானே மேலே ஏற்றி, நல்ல உயரத்தில் நேராக வைத்துவிட்டு, ரிமோட்டின் வாரைத் தன் கழுத்திலிருந்து கழற்றிக் கோமதியம்மாள் கழுத்தில் மாட்டினார். பிறகு நகர்ந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அந்த அம்மாளின் இரண்டு கட்டைவிரல்களும் குச்சிகளின் மேல் அமர்ந்தன. விமானம் குன்றை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"வாய மூடிக்கிட்டு நின்னா எப்படி? சொல்லுங்க."

இசக்கிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் இடது பக்கம் திருப்பச் சொன்னார்.